பிள்ளைகள் யாரிடம் பேசுவது?

சென்ற மாதம் இலக்கியக் கூட்டமொன்றில் நமது எழுத்தாளர் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் முழங்கினார். செயற்கை நுண்ணறிவு நம் பிள்ளைகளின் மூளையைத் தின்றுவிட்டதாம். பலத்த கைதட்டல். நானும்தான் தட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகு வெட்கமாக இருந்தது.

என் தங்கையின் மகள் வன்னியில் பல்கலைக்கழக மாணவி. வாடகை அறையில் தங்கிப் படிக்கிறாள். பெருநாளைக்கு வந்தவள் கைபேசியை என்னிடம் நீட்டினாள். ஐந்து மாத இரவுகளாக ஓர் உரையாடல் இயந்திரத்துடன் அவள் பேசியவை அதில் இருந்தன. ஒப்படை எழுதத்தான் தொடங்கியிருக்கிறாள். பிறகு நித்திரை வராததைச் சொல்லியிருக்கிறாள், ஒரு பாடத்தில் தோற்றதைச் சொல்லியிருக்கிறாள், காலையில் எழும்பவே மனமில்லை என்றும் சொல்லியிருக்கிறாள்.

"ஏன் பிள்ளை, எங்களிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன் மாமா. ஒரே யோசனையா இருக்கு எண்டு ஃபோனில சொன்னேன். தஹஜ்ஜத் தொழு, சரியாகிடும் எண்டு வச்சிட்டீங்க."

தொழச் சொன்னது பிழையல்ல. சொல்லிவிட்டு ஃபோனை வைத்ததுதான் பிழை.

இதே வாக்கியத்தை இயந்திரத்திடமும் அவள் எழுதியிருந்தாள். நம் பக்கத்தில் யோசனை என்றால் கவலை, மனச்சுமை. அதுவோ ஏதோ திட்டம் என்று விளங்கிக்கொண்டு, யோசனைகளைப் பட்டியலிடும்படி உற்சாகப்படுத்தியிருந்தது! ஆகவே நான் இயந்திரத்துக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. 1966இல் ஜோசப் வைசன்பாம் என்பவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 'எலிசா' என்ற சிறு நிரலைச் செய்தார். சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்பதுதான் அதன் வித்தை. அவருடைய செயலாளரே அதனுடன் தனியாகப் பேச வேண்டுமென்று அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாராம். அதில் திடுக்கிட்ட மனிதர் 1976இல் ஒரு நூலெழுதி எச்சரித்தார். யார் கேட்டார்கள்? 2025 ஏப்ரலில் ஓபன்ஏஐ நிறுவனம், அளவுமீறி முகஸ்துதி செய்கிறதென்று தன் பதிப்பொன்றைத் தானே திரும்பப் பெற்றது. அதே வருடம் ஒக்டோபரில் இன்னொன்றும் சொன்னது: வாரந்தோறும் அதைப் பாவிப்போரில் 0.15 வீதத்தினரின் பேச்சில் தற்கொலை எண்ணத்தின் தெளிவான அடையாளம் இருக்கிறதாம். 80 கோடிப் பேரில் 0.15 வீதம் என்றால் பத்து இலட்சத்துக்கும் மேல். ஆமாம் போடுகிற ஒன்றிடம் இத்தனை பேர் இதைச் சொல்கிறார்கள்.

இயந்திரத்தின் குற்றம் அது. நமது குற்றம்?

யுத்தம் தனிமனிதரை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் அவற்றின் நம்பிக்கையையும் உடைத்துப்போடுகிறது என்று உளமருத்துவர் தயா சோமசுந்தரம் வன்னியை வைத்தே எழுதியிருக்கிறார். உடைந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். 2009 அங்குள்ள தமிழ் வீடுகளில் பேசப்படுவதில்லை. 1990 ஒக்டோபர் நம் வீடுகளில் பேசப்படுவதில்லை. கூட்டங்களில் பேசுவோம், மலர் வெளியிடுவோம், அது வேறு. முல்லைத்தீவிலிருந்து விரட்டப்பட்ட என் உம்மாவிடம் அன்று என்ன நடந்ததென்று நான் கேட்டதே இல்லை. மருமகள்தான் இந்தப் பெருநாளில் கேட்டாள். கோழிக்கூட்டைத் திறந்துவிட்டு வந்தோமா இல்லையா என்று முப்பத்தைந்து வருடமாக யோசனையாம்.

இந்த நாட்டில் 1995இல் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். அது பாதிக்கும் கீழே இறங்கியது மேடைப் பேச்சாலல்ல, கொடிய பூச்சிநாசினிகளைத் தடைசெய்ததால். ஆகவே முழங்குகிறவர்கள் முழங்கவேண்டிய இடத்தில் முழங்கட்டும். பிள்ளைகளிடம் இந்த இயந்திரத்தை விற்கும் நிறுவனங்களுக்குச் சட்டம் கேளுங்கள். வன்னியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இரவிலும் தமிழில் காதுகொடுக்க, பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர்களைக் கேளுங்கள். 1926 என்று தேசிய உளநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கமொன்று இருக்கிறது, இருபத்துநான்கு மணி நேரமும். நம் பள்ளிகளில் எத்தனை குத்பாக்களில் அந்த இலக்கம் சொல்லப்பட்டிருக்கிறது? நம் சஞ்சிகைகளில் எத்தனை அதை அச்சிட்டிருக்கின்றன?

மருமகள் இப்போது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போய்வருகிறாள். "ஆருக்கும் சொல்லிப்போடாதீங்கோ, நாளைக்குக் கலியாணம் பேச வேணும்" என்கிறாள் என் தங்கை. எழுதட்டுமா என்று மருமகளிடம்தான் கேட்டேன். பெயரில்லாமல் எழுதுங்கள் என்றாள்.