நூலக வாசல் யாருக்கு?

மெரினா பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தைப் பார்த்திருப்பார்கள். அதன் முதல் நூலகராக 1924-ல் வந்தவர் சீர்காழிக்காரரான கணக்கு வாத்தியார் எஸ்.ஆர்.ரங்கநாதன். புத்தகம் பூட்டி வைக்க அல்ல, படிக்கத்தான் என்று சொல்லி அலமாரிகளை வாசகருக்குத் திறந்துவிட்டவர்.

இன்று நூலகத்துக்குப் 'புது வரவு' என்பது புத்தகம் மட்டுமல்ல. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் தந்தது. 3 ஆண்டுக்கு 6 ஆயிரம் கோடி ரூபாய்! சுமார் 13 ஆயிரம் ஆராய்ச்சி இதழ்கள், 6,300 அரசு நிறுவனங்களின் கம்ப்யூட்டருக்கு வருகின்றன. சின்ன ஊர் அரசுக் கல்லூரி மாணவனும் ஐ.ஐ.டி. மாணவன் படிக்கும் இதழைப் படிக்கலாம். நல்ல காரியம்தான்.

ஆனால் பணம் யாருடையது? டீத்தூளுக்கும் சோப்புக்கும் வரி கட்டுகிறவருடையது! மகனுக்கு வந்த நோயைப் பற்றிப் படிக்க நினைக்கும் குமாஸ்தாவுக்கும், மூலிகை ஆராய்ச்சியைத் தெரிஞ்சுக்க ஆசைப்படும் நாட்டு மருந்துக் கடைக்காரருக்கும் இந்தத் திட்டத்தில் இடமில்லை. மாணவரா, ஆசிரியரா, ஆராய்ச்சியாளரா? இல்லையென்றால் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

பல்கலைக்கழக ஆய்வேடுகளை இணையத்தில் 'சோத்கங்கா'வில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லையே!

இதழ்களைத் திறந்துவிட வெளிநாட்டுப் பதிப்பகங்கள் சம்மதிக்க வேண்டும். அடுத்த ஒப்பந்தம் போடும்போது டெல்லி இதைக் கறாராகக் கேட்க வேண்டும். முதல் படியாக, ஒவ்வொரு பல்கலைக்கழக நூலகத்திலும் பொதுமக்களுக்கு ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர். ஆபீஸ் விட்டு வருகிறவருக்காக மாலை 6 மணிக்கு மேல் 2 மணி நேரம். துணைவேந்தர்கள் கவனிப்பார்களா?