"கோவாப்பரேட் பண்ணுங்க!" பங்கு உண்டா என்று கேட்க வேண்டாமா?

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் வழியில் குந்தாரப்பள்ளி கூட்டு ரோடு இருக்கிறது. பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். ஆனாலும் அந்தப் பெயர் யாருக்கும் விளங்காமல் போனதில்லை. சாலைகள் கூடும் இடம். அவ்வளவுதான்.

"கோவாப்பரேஷன்" என்ற இங்கிலீஷ் சொல்லும் இப்படி ஒட்டுப் போட்ட சொல்தான். "கோ" என்றால் "கூட" என்று அர்த்தம். பசுவும் அல்ல, அரசனும் அல்ல! "ஆப்பரேஷன்" என்றால் வேலை. ஆஸ்பத்திரியில் கத்தியோடு நடப்பது மட்டும் ஆப்பரேஷன் அல்ல. ஆகவே, கூடி வேலை செய்வதுதான் கோவாப்பரேஷன். நல்ல சொல். ஆனால் இன்று அது படுகிற பாடு இருக்கிறதே!

"இந்த ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வாப்பா, கொஞ்சம் கோவாப்பரேட் பண்ணு" என்கிறார் தொழிற்சாலை மேற்பார்வையாளர். "கம்ப்யூட்டர் ஓடவில்லை, நாளைக்கு வாங்க, கோவாப்பரேட் பண்ணுங்க" என்கிறார் பாங்கி குமாஸ்தா. குழுக் கடன் வசூலிக்க வருகிறவரோ, "அந்த அம்மா பணம் கட்டவில்லை. நீங்க நாலு பேரும் சேர்ந்து போட்டுக் கட்டி கோவாப்பரேட் பண்ணுங்கம்மா" என்கிறார்.

முதல் ஆள் சொல்வது: உழை. இரண்டாம் ஆள் சொல்வது: காத்திரு. மூன்றாம் ஆள் சொல்வது: பணத்தை எடு. மூன்று கட்டளைக்கும் ஒரே சர்க்கரைப் பூச்சு!

மூன்று பாஷை ஊர்

குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமை சந்தை. ஆடு வாங்க கர்நாடகத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வியாபாரிகள் வருகிறார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் அங்கே சர்வ சாதாரணம்.

கோவாப்பரேஷனைக் கன்னடக்காரர் "சஹகார" என்பார். தெலுங்கர் "சஹகாரம்" என்பார். பலர் பங்கு போட்டு நடத்தும் சங்கத்துக்கும் அந்தச் சொல்தான். "கொஞ்சம் அனுசரித்துப் போங்க" என்று கேட்பதற்கும் அதே சொல்தான்.

தமிழில் அப்படி அல்ல. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. ஒன்று கூட்டுறவு. மற்றொன்று ஒத்துழைப்பு. கூட்டுறவில் பங்கு உண்டு, ஓட்டு உண்டு, கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. ஒத்துழைப்பில் காரியம் இன்னொருவருடையது. கை மட்டும் நம்முடையது. வீட்டில் இவ்வளவு நல்ல தராசு இருக்கும்போது அதை மூலையில் போட்டுவிட்டு, எடை தெரியாத இங்கிலீஷ் சொல்லை ஏன் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும்?

சொசைட்டி

இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் 1844-ல் 28 பேர் சேர்ந்து ஒரு மளிகைக் கடை வைத்தார்கள். அவர்களில் நெசவாளிகள் பலர். கடைக்குச் சொந்தக்காரர்களும் அவர்களே. வாடிக்கைக்காரர்களும் அவர்களே. இந்தியாவில் 1904-ல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அதே ஆண்டு சென்னை திருவல்லிக்கேணியில் கூட்டுறவுக் கடை பிறந்தது. பணக்காரரானாலும் ஏழையானாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. அதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர்.

கிராமத்தில் இதைக் கூட்டுறவுச் சங்கம் என்று யார் சொல்கிறார்கள்? "சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகிறேன்" என்பதுதான் பேச்சு. "கூட்டு" வாயிலிருந்து உதிர்ந்துவிட்டது. கூடவே உரிமையும் நினைவிலிருந்து உதிர்ந்துவிட்டது. காலையும் மாலையும் கேனோடு நடக்கும் அம்மாமார்களில் எத்தனை பேர் பேரவைக் கூட்டத்தில் எழுந்து வரவு செலவு கேட்கிறார்கள்? கேட்கலாம். அங்கத்தினரானால் அவர்களும் முதலாளிகளே! கூட்டுறவுச் சங்கம் அமைப்பது அடிப்படை உரிமை என்று 2012-ல் அமலுக்கு வந்த திருத்தத்தின் மூலம் அரசியல் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

"மாட்டேன்" என்றால்?

ஒத்துழைப்புக்கு ஒரு சோதனை உண்டு. "மாட்டேன்" என்று சொல்ல முடியுமா? முடிந்தால் அது ஒத்துழைப்பு. முடியாவிட்டால் அதற்குப் பெயர் கீழ்ப்படிதல். காந்தியடிகள் 1920-ல் ஒத்துழையாமை இயக்கம் நடத்தியபோது, பலர் வக்கீல் தொழிலை விட்டார்கள்; மாணவர்கள் சர்க்கார் பள்ளிகளை விட்டார்கள். கொடுத்த கையைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்று நாடு முழுவதும் அப்போது தெரிந்துகொண்டது.

இன்னொரு இங்கிலீஷ் சொல் "கொலாபரேஷன்". அந்நியக் கம்பெனியோடு கைகோத்தவர்கள் இதைப் பெருமையாகப் பெயர்ப் பலகையில் போடுகிறார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பிரான்சைப் பிடித்தபோது அவர்களுக்கு உதவியவர்களை உலகம் "கொலாபரேட்டர்" என்றுதான் ஏசியது! சேர்ந்து வேலை செய்தால் மட்டும் போதாது. யாரோடு சேர்வது, எதற்காகச் சேர்வது என்பதும் இருக்கிறது.

குழுக் கடன் வாங்கும் பெண்களுக்கு இது ஏட்டுப் பேச்சு அல்ல. "கூட்டுப் பொறுப்பு" என்று தாளில் இருந்தால், ஒருத்தி கட்டாத தவணை மற்றவர்கள் தலையில் விழலாம். லாபத்தில் பங்கு இல்லாத கூட்டு அது. நஷ்டத்தில் மட்டும் பங்கு. இதைக் கோவாப்பரேஷன் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கலாமா? அந்தச் சிறு கடன்களுக்கு ரிசர்வ் பாங்கு 2022-ல் விதிகள் வகுத்தது. கடன் அட்டையில் உள்ளதெல்லாம் கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. குந்தாரப்பள்ளியில் அது தமிழாக இருக்கலாம், தெலுங்காக இருக்கலாம், கன்னடமாகவும் இருக்கலாம்.