நாபோத்தின் திராட்சைத் தோட்டமும் நமது முதலீடும்



கடந்த ஞாயிறு திருப்பலி முடிந்தபின், தேம்ஸ் ஆற்றங்கரைக் கோபுரமொன்றில் முதலீட்டுக்காக வாங்கிய வீட்டை மந்திரித்துத் தருமாறு ஒரு சகோதரர் கேட்டார். அவருக்குப் பின்னால் நின்ற ஒரு தாய், வாடகை கட்ட இயலாமல் லண்டனை விட்டே போவதாகக் கூறி விடைபெற்றார். இருவரும் நம்மவர்கள். இரண்டும் ஒரே கதை என்பதை உணர்ந்தீர்களா?

எலிபன்ட் அண்ட் காசில் பகுதியில், 1974இல் கட்டிமுடிக்கப்பட்ட ஹேகேட் குடியிருப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருந்தன. மக்கள் வெளியேற்றப்பட்டு, 2014க்குள் அது முற்றாக இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட புதிய வீடுகளுக்கு அனுமதி கிடைத்தபோது, பழைய கவுன்சில் வாடகையை ஒத்த வாடகைக்கென ஒதுக்கப்பட்டவை நூற்றுக்கும் குறைவு. எஞ்சியோர் எங்கே சென்றனர்? நகரின் விளிம்புக்கும் அதற்கு அப்பாலும் சிதறினர்.

"கட்டுபடியாகும் வீடுகளும் உண்டே, ஃபாதர்" என்பீர்கள். சந்தை வாடகையில் 80 விழுக்காடு வரை இருந்தாலும் சட்டம் அதை அப்பெயரால் அழைக்கும். துப்புரவுப் பணியாளருக்கு அது கட்டுபடியாகுமா? விற்பனை மதிப்பில் 15 முதல் 20 விழுக்காடு இலாபம் ஏற்புடையது என்கிறது அரசின் வழிகாட்டுதல். அவ்விலாபம் குறையுமெனக் கணக்குக் காட்டினால், குறைக்கப்படுவது ஏழையின் பங்கு. ஒரே கட்டடத்தில் செல்வருக்கு ஒரு வாசலும் எளியோருக்கு வேறொரு வாசலும் வைத்ததை எதிர்த்து, 2014இல் ஆல்ட்கேட்டில் மக்கள் தெருவில் நின்றனர். யாக்கோபு தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கண்டித்த பாகுபாடு இதுவன்றோ?

உயரம் பாவமன்று, புதிய வீடுகள் தேவை. எவருக்காக என்பதே கேள்வி. ஆகாபு அரசனும் நாபோத்துக்கு நல்ல விலை தருவதாகவே கூறினான். முன்னோரின் நிலத்தை நாபோத்து விற்க மறுத்தான். அதன் பின்னரே பொய்ச்சாட்சியும் கொலையும் வந்தன.

1990இல் வலிகாமம் வடக்கை விட்டு எழும்பியோர் நம்மிடையே உள்ளனர். போரும் இதுவும் ஒன்றல்ல. ஆயினும், பிறந்த வளவுக்கு ஈடாகப் பணம் ஆகாது என்பதை நமக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. அதை அறிந்த நாமே அயலாரின் வெளியேற்றத்தில் இலாபம் தேடலாமா?

ஆகவே கேட்கிறேன்: வாங்குமுன், அங்கே முன்பு வாழ்ந்தவர் யார் என்று விசாரியுங்கள். கட்டட விண்ணப்பம் குறித்துக் கவுன்சில் கடிதம் அனுப்பினால் குப்பையில் இடாதீர்கள். சமூக வாடகை வீடுகள் எத்தனை என்று எழுதிக் கேளுங்கள்.

அந்தச் சகோதரருக்கு என் பதில் இது: வீட்டில் ஒரு குடும்பத்தை, அது தாங்கக்கூடிய வாடகைக்குக் குடியமர்த்துங்கள்; அன்றே தீர்த்தத்துடன் வருவேன். விலை ஏறும்வரை பூட்டிக்கிடக்கும் வீட்டில் நான் யாரை ஆசீர்வதிப்பேன்?

இறையாசீருடன்,
உங்கள் பங்குப் பணியாளர்