கண்டறிந்ததும் செய்ததும்: மரபணுக் காப்புரிமை குறித்து

கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்டுபிடித்தார் என்கிறோம். எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தார் என்றும் சொல்கிறோம். முன்பே இருந்ததை அறிவதற்கும் இல்லாததைப் புதிதாய்ச் செய்வதற்கும் தமிழில் ஒரே சொல்லைப் புழங்கிவருகிறோம். அன்றாடப் பேச்சில் இதனால் பெரிய இழப்பில்லை. மனித மரபணுவுக்குக் காப்புரிமை கோரப்படும்போதோ, நோயாளிகளின் நலன் இவ்விரண்டையும் பிரிக்கும் கோட்டைச் சார்ந்தே இருக்கிறது.

1995இல் ஹியூமன் ஜீனோம் சயன்சஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் ஒரு மரபணுவுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது. இன்று சிசிஆர்5 எனப்படும் அம்மரபணு உண்டாக்கும் புரதத்தைப் பற்றிக்கொண்டே எச்.ஐ.வி. நம் உயிரணுக்குள் நுழைகிறது என்பதை 1996இல் வேறு ஆய்வாளர்கள் நிறுவினர். அவ்வுண்மையை அறியாமல் விண்ணப்பித்திருந்த நிறுவனத்துக்கே 2000இல் காப்புரிமை கிடைத்தது.

தாம்பரம் சானடோரியத்தை அறிந்தோர்க்கு இது அயலார் வழக்கு அன்று. 1928இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய அவ்விடம், பின்னர் அரசு மருத்துவமனையாகி, எச்.ஐ.வி. சிகிச்சையில் நாட்டின் பெரிய மையங்களுள் ஒன்றாயிற்று. 2004 ஏப்ரல் 1 அன்று நடுவண் அரசின் இலவசக் கூட்டுமருந்துத் திட்டம் தொடங்கிய எட்டு மருத்துவமனைகளுள் அதுவும் ஒன்று. அன்றைய இந்தியச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தராததால், உள்நாட்டு நிறுவனங்கள் அம்மருந்துகளை மலிவாகச் செய்ய முடிந்தது. காப்புரிமைச் சட்டத்தின் ஒரு வரி எத்தனை உயிர்களைத் தொடும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

2005இல் அந்நிலை மாறி, மருந்துக்கும் காப்புரிமை வந்தது. ஆயினும் இயற்கையில் உள்ள பொருளைக் கண்டறிவது காப்புரிமைக்கு உரியதாகாது என்னும் 3(சி) பிரிவு நம் சட்டத்தில் நிற்கிறது. இயற்கையிலிருந்து நேரடியாகப் பிரித்தெடுத்த மரபணு வரிசைக்கும் அது பொருந்தும் என்று 2013ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிகள் தெளிவுபடுத்தின. சானடோரியம் இருக்கும் அதே ஜி.எஸ்.டி. சாலையில், கிண்டியில் இயங்கும் காப்புரிமை அலுவலகம் பின்பற்ற வேண்டிய விதி இது.

முதலீடு செய்பவர்க்கு ஆதாயம் இல்லையேல் ஆய்வு எப்படி நடக்கும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வியே. சிசிஆர்5 வாயிலை அடைக்கும் மாராவிராக் என்னும் மருந்து மனிதர் செய்தது. செய்தவர் உரிமை கோரட்டும். அதனினும் சிறந்த மருந்தை வேறொருவர் செய்யத் தடையில்லை. மரபணுவுக்கோ மாற்று கிடையாது. மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய பிஆர்சிஏ மரபணுக்களின் உரிமை மிரியட் நிறுவனத்திடம் இருந்தவரை, அமெரிக்கப் பெண்கள் அச்சோதனைக்கு அந்நிறுவனத்தையே நாட வேண்டியிருந்தது. பிரித்தெடுத்ததனாலேயே இயற்கை மரபணு காப்புரிமைக்கு உரியதாகிவிடாது என 2013 ஜூன் 13 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அன்றே வேறு ஆய்வகங்கள் அச்சோதனையைத் தாங்களும் செய்வதாக அறிவித்தன.

வழக்கு அத்துடன் முடியவில்லை. 2023இலும் 2025இலும் அமெரிக்க நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்ட மசோதா, உடலுக்குள் இருக்கும் மரபணுவை விலக்கிவிட்டு, பிரித்தெடுத்த மரபணுவுக்கு மீண்டும் வழி திறக்கப் பார்க்கிறது. அங்கே சட்டமாவது பிறகு வணிக ஒப்பந்தங்களின் வழியே நம் வாயிலுக்கும் வரக்கூடும். 3(சி) பிரிவைத் தளர்த்தும் எந்த ஒப்பந்தத்தையும் நாம் ஏற்கலாகாது. இலக்கியம் பேசுவோர்க்கு இதில் என்ன வேலை என்று கேட்க வேண்டாம். ஒரு சொல்லின் எல்லை எங்கே முடிகிறது என்பதுதான் இங்கே வழக்கு. அது நம் வேலையும்தான்.