ராத்திரிக்கு உங்க வீட்ல என்ன?

குழாயடியில் தினமும் இதே விசாரிப்புதான். பக்கத்து வீட்டு அக்கா கோதுமை ரவை உப்புமா என்றாள்; கீழ்வீட்டு மாமி, அரிசி உப்புமாவும் கத்தரிக்காய் கொத்சும். எங்கள் வீட்டில் முருங்கைக்கீரை அடை. ஆனால், "உனக்கு எத்தனை மிஞ்சிச்சு?" என்று யாருமே கேட்பதில்லை!

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15-49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. கீரை, பருப்பில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேர வைட்டமின் சி துணை வேண்டும். அதனால்தான் அடைக்குப் பச்சை நெல்லிக்காய்த் துவையல் அரைக்கிறேன். சாப்பிட்ட கையோடு காபியும் கிடையாது; ஒரு மணி நேரமாவது போகட்டும்.

சகோதரிகளே, இன்று ராத்திரி உங்கள் பங்கை முதலில் எடுத்து மூடி வைத்துவிட்டு, அப்புறம் பரிமாறுங்கள்!