சாதுவாம், சாது!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நியூஜெர்சியிலிருந்து மகள் வீடியோவில் வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"அப்பா, இவன்கிட்ட நீங்களே சொல்லுங்க. எட்டுக்கால் பூச்சி வளர்க்கணுமாம், உள்ளங்கை அகலத்துக்கு! விஷம், ஆளையே கொன்னுடும்னு சொல்லி பயமுறுத்துங்க" என்றாள்.

பேரனுக்குப் பன்னிரண்டு வயது. பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். "தாத்தா, அது டாரண்டுலா. சிலியன் ரோஸ்னு பேரு. ரொம்ப சாது. புதுசா வளர்க்கறவங்களுக்கு அதுதான் பெஸ்ட்னு கடைக்காரரே சொன்னார்."

"ஒரு வாரம் டைம் கொடுடா" என்று சொல்லி போனை வைத்தேன். ரிடையர் ஆனவனுக்கு வேறென்ன வேலை? உட்கார்ந்து படித்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மகள் கேட்ட பொய்யை நான் சொல்லவில்லை. அந்தச் சிலியன் ரோஸ் கடித்தால் ஆள் சாக மாட்டான். பெரும்பாலோருக்குக் குளவி கொட்டியது போல வலிக்கும், வீங்கும், வடியும். எனக்குச் சண்டை அந்தப் பூச்சியோடு இல்லை. கடைக்காரர் சொன்ன இரண்டு வார்த்தைகளோடுதான். ஒன்று, 'சாது'. இன்னொன்று, 'புதுசா வளர்க்கிறவங்களுக்கு'.

சாது என்றால் என்ன அர்த்தம்? நம் வீட்டுப் பசு சாது என்றால், அதற்கு நம்மைத் தெரியும், நம் கை தெரியும், நம் குரல் தெரியும். இந்தப் பூச்சிக்கு எஜமானனும் தெரியாது, எதிரியும் தெரியாது. பத்து வருடம் தீனி போட்டாலும் உங்கள் கை அதற்கு ஒரு நடமாடும் மரக்கட்டைதான். அது அசையாமல் இருப்பது அதன் சுபாவம். அதை நாம் அன்பு என்று எடுத்துக்கொண்டால் தப்பு நம்முடையது.

சாது மிரண்டால் காடு கொள்ளாது என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? அமெரிக்கக் கண்டத்து டாரண்டுலாக்களில் பலவற்றுக்கு வயிற்றின் மேல் நுண்ணிய முள்முடிகள் உண்டு. பயந்தால் பின்னங்காலால் தேய்த்துப் புகை மாதிரிப் பறக்க விடும். தோலில் பட்டால் அரிப்பு. கண்ணில் பட்டால்? இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து இளைஞர் ஒருவர், தான் வளர்த்த இதே சிலியன் ரோஸின் கண்ணாடித் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது முடியைப் பறக்கவிட்டது. கண் சிவந்து வாரக்கணக்கில் தீராமல் டாக்டரிடம் போனபோது, விழிப்படலத்தில் அந்த முடிகள் குத்திக்கொண்டு நின்றதைப் பார்த்தார்கள். லான்செட் மருத்துவ இதழிலேயே வந்த செய்தி இது.

சரி, நமக்கு வரும் துன்பத்தை விடுங்கள். அதற்கு வரும் துன்பம்? கையில் ஏற்றி விளையாடும்போது இடுப்பு உயரத்திலிருந்து தவறி விழுந்தால் அதன் வயிறு வெடித்துவிடும். அவ்வளவுதான் கதை. 'சாது, கையில் எடுக்கலாம்' என்று சொல்லி விற்பவர் இதைச் சொல்வாரா?

அடுத்த வார்த்தைக்கு வருகிறேன். பெண் பூச்சியாக இருந்தால் இருபது வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். ஆண் சில வருடத்தில் போய்விடும். குட்டியாக வாங்கும்போது ஆணா பெண்ணா என்று கண்டுபிடிப்பது கஷ்டம். பேரனுக்கு இப்போது பன்னிரண்டு. அவன் காலேஜ் போவான், ஹாஸ்டலுக்குப் போவான், வேலைக்குப் போவான், கல்யாணம் செய்துகொள்வான். அதுவரை யார் கரப்பான் பூச்சி பிடித்துப் போடுவது? பூச்சியென்றாலே அலறுகிற என் மகளா?

இன்னொன்று. இந்தப் பிராணி மாதக்கணக்கில் சாப்பிடாமல் கிடக்கும். தோல் உரிக்கும்போது மல்லாந்து படுத்துவிடும். அனுபவம் இல்லாதவன் செத்துவிட்டது என்று நினைத்துக் குத்திப் பார்ப்பான், குப்பையில்கூடப் போட்டுவிடுவான். அந்த நேரத்தில் தீனிக்காக விட்ட பூச்சி உள்ளே இருந்தால், அதுவே இதைக் கடித்துத் தின்றுவிடும். தொடாமல், கிளறாமல் சும்மா இருக்கத் தெரிய வேண்டும். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு உலகத்திலேயே கஷ்டமான வேலை அதுதானே?

"பயம் போகும், இயற்கையை நேசிப்பான்" என்பார்கள். இந்த வாதத்தை என்னால் சுலபமாகத் தள்ள முடியவில்லை. காரணம் சொல்கிறேன்.

1983-ல் ரயில்வேயில் இருந்தபோது ராமேஸ்வரத்தில் குவார்ட்டர்ஸ். கொல்லையில் ஒரு புளியமரம். மழை கொட்டிய ஒரு ராத்திரி, சமையற்கட்டுச் சுவரில் கையகலச் சிலந்தி. மனைவி கத்தினாள். நான் செருப்பால் ஒரே அடி. காலையில் எறும்பு இழுத்துப் போயிற்று. ஒரு நிமிஷம்கூட அதைப் பற்றி நினைக்கவில்லை.

2004-ல் அந்தத் தீவிலிருந்து ஒரு டாரண்டுலாவைப் புது இனம் என்று விஞ்ஞானிகள் பதிவு செய்தார்கள். அங்குள்ள ஹனுமவிலாசம் கோயில் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாம். நான் அடித்தது அதுதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. இந்த வயதில் அது உறுத்துகிறது.

அதே குடும்பத்தில் ஆந்திராவின் நீலநிறச் சிலந்தியும் உண்டு. 1899-ல் விவரிக்கப்பட்டது. முதலில் கிடைத்தது கூத்தி ரயில்வே மரக்கிடங்கில்! அதன் காட்டை நந்தியால் பக்கம் கண்டுபிடிக்க நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அழகுக்காக உலகமெல்லாம் வளர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். இந்த வகை சாதுவும் இல்லை. கடித்தால் நாள்கணக்கில் தசை இழுக்கும். 2019-ல் இந்த வகை முழுவதையும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். அந்தப் பட்டியலில் உள்ள பிராணியை உயிரோடு வைத்திருப்பவர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று 2022-ல் நம் சட்டமும் திருத்தப்பட்டது. சென்னையில் டப்பாவில் அடைத்து கூரியரில் வரவழைக்க நினைக்கும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

பயத்தால் நான் ஒன்றைக் கொன்றேன். ஆசையால் இவர்கள் காட்டிலிருந்து எடுக்கிறார்கள். பூச்சிக்கு இரண்டும் ஒன்றுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேரனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், செருப்படி உட்பட. "வாங்காதே என்று சொல்ல மாட்டேன். காட்டில் பிடித்ததா, வளர்ப்பில் பிறந்ததா என்று கடைக்காரரைக் கேள். கையில் எடுக்காமல் இருபது வருடம் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பாயா என்று உன்னைக் கேள். இரண்டுக்கும் பதில் வந்த பிறகு பேசலாம்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கையில எடுக்க முடியாதுன்னா அப்புறம் எதுக்குத் தாத்தா?" என்றான்.

"அதைத்தான்டா நானும் கேட்கிறேன்" என்றேன்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பேரப்பிள்ளைகள் இப்படிக் கேட்டால் "சீ, கருமம்" என்று வாயை அடைக்காதீர்கள். விற்பவர் சொல்லாததை நாம்தான் சொல்ல வேண்டும். அடுத்த மழைக்காலத்தில் உங்கள் சுவரில் ஒன்று வந்து உட்கார்ந்தால், செருப்பை எடுக்காதீர்கள். ஒரு டப்பாவைக் கவிழ்த்து, அடியில் ஒரு அட்டையைச் செருகி, கொல்லையில் கொண்டுபோய் விடுங்கள்.