வினையை விழுங்கும் பொத்தான்கள்

ஒரு செயலியின் அமைப்புகள் பக்கத்தைத் தமிழில் தர வேண்டுமென்றால், சொற்பட்டியலை மொழிபெயர்ப்பாளரிடம் அனுப்பித் திரும்பப் பெற்றால் போதும் என்ற எண்ணம் மென்பொருள் துறையில் வேரூன்றியிருக்கிறது. பொத்தானின் அகலம், அது நிற்கும் இடம், பக்கத்துப் பொத்தானுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி எல்லாம் அதற்கு முன்பே ஆங்கிலத்தைக் கொண்டு முடிவாகிவிடுகின்றன. வேறொருவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையைத் தமிழுக்கு மாட்டிவிட்டு, பிதுங்குவது தமிழின் குற்றம் என்கிறார்கள்.

பிதுங்குவதோடு நின்றால் பொறுத்துக்கொள்ளலாம். பொருளே தலைகீழாகிறது. இடம் போதாத சொற்றொடரின் வலப்பக்கத்தை வெட்டி மூன்று புள்ளி வைப்பது இடைமுகங்களின் பொதுவழக்கு. ஆங்கிலத்தில் ஏவல் வினை முதலில் வரும். எதிர்மறை அதற்கும் முன்னே நிற்கும். வால் அறுந்தாலும் தலை பிழைக்கும். தமிழிலோ வினை இறுதியில் வருகிறது, எதிர்மறை அதற்கும் பின்னால் வருகிறது. ‘அனுமதிக்க வேண்டாம்’ என்பதை வெட்டினால் ‘அனுமதிக்க…’ எஞ்சும். மறுப்பதற்கென வைத்த பொத்தான் இசைவளிக்கும் பொத்தானாகத் தோன்றுகிறது. ‘மாற்றங்களைச் சேமி’, ‘மாற்றங்களைக் கைவிடு’ ஆகிய இரண்டும் வெட்டுப்பட்டால் ‘மாற்றங்களைச்…’, ‘மாற்றங்களைக்…’ என்று நிற்கும். மிஞ்சிய வல்லின ஒற்றைக் கொண்டு எது எதுவென ஊகிக்கப் பயனருக்குப் புணர்ச்சி இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும்!

ஆங்கிலம் அறிந்தவருக்கு இதனால் இழப்பில்லை. மொழியை மாற்றிக்கொண்டு போய்விடுவார். கர்நாடகத்தின் தென்கோடியில் உள்ள கோபிநத்தத்தை எண்ணிப் பார்க்கலாம். தமிழ் பேசும் எல்லைச் சிற்றூர் அது. கொள்ளேகால் வட்டாரம் 1956 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மொழிவழி மறுசீரமைப்பில் மைசூர் மாநிலத்துக்குச் சென்றது. 1997இல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராசநகர் மாவட்டம் பிரிந்தபோது அதில் சேர்ந்தது. எந்த ஆட்சியின்கீழ் வாழ்வது, எந்த மொழியில் விண்ணப்பம் எழுதுவது என்பனவெல்லாம் அவ்வூராருக்காக வேறு எங்கோ முடிவாயின. கைப்பேசியின் மொழிப் பட்டியலில் ‘தமிழ்’ என்பதைத் தொடுவது ஒன்றுதான் எவரிடமும் கேட்காமல் அவர்கள் தாமே எடுக்கும் முடிவு. அந்த முடிவுக்குக் கிடைப்பது பாதி வெட்டப்பட்ட பொத்தான். தொடர்புப் பட்டியலையும் இருப்பிடத்தையும் ஒலிவாங்கியையும் ஒரு செயலிக்குத் திறந்துவிடலாமா என்று கேட்கும் பெட்டியில் இது நேர்ந்தால், அதை அழகுக் குறை என்று எவரும் தள்ளிவிட முடியாது.

‘தமிழ்ச் சொற்கள் நீளம், சுருக்கி எழுதுங்கள்’ என்பது வழக்கமான மறுமொழி. பத்து எழுத்துக்குட்பட்ட ஆங்கிலத் தொடர் மொழிபெயர்ப்பில் இரண்டு மூன்று மடங்காக விரியக்கூடும் என்பது ஐபிஎம் வழிகாட்டியின் பழைய கணக்கு. வலைத்தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அதை எடுத்துக்காட்டுகிறது. ஜெர்மன் சொல் நீண்டால் பெட்டி அகல வேண்டும், தமிழ்ச் சொல் நீண்டால் சொல் குறுக வேண்டும் என்பது என்ன நீதி? வேறு வழியின்றி எழுத்தைச் சிறிதாக்குவோரும் உண்டு. அப்போது மெய்யெழுத்தின் புள்ளி கண்ணுக்குத் தெரிவதில்லை. உயரத்தைக் குறைத்தாலோ ‘கி’, ‘கீ’ இரண்டையும் பிரித்துக் காட்டும் மேற்சுழி வெட்டுப்படுகிறது. தெற்காசிய எழுத்துகளுக்குக் கூடுதல் வரியுயரம் வேண்டும் என்று கூகுளின் மெட்டீரியல் வழிகாட்டியே சொல்லியிருக்கிறது.

அடுத்தது இடைவெளி. தொடுவதற்கான பரப்பு குறைந்தது 48 அலகு, அதாவது ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது ஆண்ட்ராய்டின் விதி. இலக்கு சிறுத்தால் அதை எட்டுவது கடினமாகும் என்பதைப் பால் ஃபிட்ஸ் 1954இலேயே அளந்து காட்டினார். நீண்ட தமிழ்ச் சொல் இடைவெளியைத் தின்று இரு பொத்தான்களும் ஒட்டிக்கொண்டால், ‘நீக்கு’ என்பதற்கும் ‘வேண்டாம்’ என்பதற்கும் நடுவே விரல் தடுமாறுகிறது.

மொழிபெயர்ப்பாளர்களும் தப்ப முடியாது. ‘கோப்பை நீக்கவா?’ என்று கேட்டுவிட்டு ‘ஆம்’, ‘இல்லை’ என்று பொத்தான் வைப்பது தமிழா? அக்கேள்விக்கு வீட்டில் எவரும் ‘இல்லை’ என்று விடை சொல்வதில்லை, ‘வேண்டாம்’ என்பார்கள். இன்மையை உணர்த்தும் சொல் விருப்பமின்மையை உணர்த்தாது. ‘முன்பதிவை ரத்துசெய்யவா?’ என்ற கேள்வியின்கீழ் ‘சரி’, ‘ரத்துசெய்’ என்று எழுதுவதோ இன்னும் கொடுமை. ஆங்கிலத்திலும் உள்ள குழப்பம்தான். அதையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. ‘சரி’ விண்டோஸில் இடப்பக்கமும் மேக்கில் வலக்கோடியிலும் நிற்பதைப் பற்றி வடிவமைப்பாளர்கள் பல பத்தாண்டுகளாக வாதிடுகிறார்கள். பொத்தானில் எழுதியிருப்பதே விளங்காதவருக்கு அது எந்தப் பக்கம் நின்றால் என்ன?

தீர்வுகள் புதியவை அல்ல. பெயர் நீண்டால் பொத்தான்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும் ஏற்பாடு மெட்டீரியல் வழிகாட்டியிலும் ஆப்பிளின் எச்சரிக்கைப் பெட்டியிலும் இருக்கிறது. மேக் கணினி நீண்ட கோப்புப் பெயரை நடுவில் வெட்டுகிறது, கோப்பின் வகையைக் காட்டும் பின்னொட்டு பிழைக்க வேண்டுமென்று. பொத்தானுக்கு நிலையான அகலம் தராமல் சொல்லுக்கேற்ப விரியவும் இரண்டு வரியாக மடியவும் விடலாம். முதல் வரைபடம் தீட்டும் நாளிலேயே ‘சரி’ என்ற ஈரெழுத்தை விடுத்து ‘அனுமதிக்க வேண்டாம்’ என்பதைப் பொத்தானில் இட்டுப் பார்க்கட்டும். அது முழுதாகத் தெரியாத பெட்டி வெளியீட்டுக்குப் போகக் கூடாது.